கிளாட் படிக்க மலையிலேயே இருக்கலாமா, கோவைக்கு இறங்கலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன மாதம் போன் செய்தார். மகள் பிளஸ் ஒன் முடிக்கப்போகிறாள். வக்கீலுக்குப் படிக்க வேண்டும், அதற்குக் கிளாட் (தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு) எழுத வேண்டும் என்கிறாளாம். "கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல விட்டு கோச்சிங் அனுப்பலாமா, இல்ல இங்கயே போன்ல படிக்கட்டுமா கண்ணு? தேயிலை விலை இருக்கிற இருப்புல தப்பான இடத்துல பணத்தைக் கட்டிட்டா எந்திரிக்கவே முடியாது" என்றார். அருவங்காட்டிலிருந்தும் கூடலூரிலிருந்தும் இதே கேள்வி வந்திருக்கிறது. போனில் ஆளுக்கொரு பாதியைச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் குன்னூர்க்காரி. 2022ஆம் ஆண்டில் மட்டும் கிளாட் இரண்டு முறை நடந்தது, ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. இரண்டையும் எழுதினேன். முதல் தடவை வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு, இரண்டாம் தடவை கோவையில் ஹாஸ்டல். வேண்டிய ரேங்க் இரண்டிலும் வரவில்லை. 2023இல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன், இப்போது மூன்றாம் ஆண்டு. விடுமுறைக்கு ஊர் வரும்போது நான்கைந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அதனால் ஒவ்வொரு வழியின் உள்ளும் புறமும் ஓரளவு தெரியும்.

## இந்தத் தேர்வு எங்கே அழ வைக்கிறது

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் வலி எங்கே என்று தெரிய வேண்டும். கிளாட்டில் சட்டம் தெரியாததால் யாரும் தோற்பதில்லை. 120 கேள்வி, இரண்டு மணி நேரம், எல்லாமே ஆங்கிலம், எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. ஒரு பத்தி 450 சொற்கள் வரை வரும். ஐந்து கேள்விக்கு ஒரு பத்தி என்று கணக்குப் போட்டால் 24 பத்தி, எல்லாம் முழு நீளத்தில் வந்தால் பத்தாயிரம் சொற்களுக்கு மேல். கேள்விகளையும் நான்கு விடைகளையும் படிக்கிற நேரம் இதில் சேரவில்லை. வீட்டில் படுகாவோ தமிழோ மலையாளமோ பேசிவிட்டு, பள்ளியில் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்கிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேகம் ஒரு சுவர்.

அடுத்த வலி சட்டப் பகுதி. அதில் 28 முதல் 32 கேள்விகள் வரும். விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். நமக்குத் தெரிந்த நியாயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த விதியை மட்டும் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதாரணம் இது: ஆபத்து விளைவிக்கக்கூடிய எதையும் தன் நிலத்தில் சேர்த்துவைப்பவர், அது வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் செய்தால், எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பு என்கிறது பத்தி. மேல் தோட்டத்துக்காரர் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார். கனமழையில் அது உடைந்து கீழ்த் தோட்டத்துக் கேரட் முழுக்க அடித்துக்கொண்டு போகிறது. அவர் பொறுப்பா? நம் பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேர் "மழைக்கு அவர் என்ன பண்ணுவார், பொறுப்பில்லை" என்றுதான் குறிப்பார்கள். பத்தியில் மழைக்கு விலக்கு எதுவும் சொல்லவில்லை என்றால் அவர்தான் பொறுப்பு. மண்சரிவையும் மழையையும் பார்த்து வளர்ந்த மனசுக்கு இது ஒப்பாது. நானும் இப்படிக் கோட்டைவிட்டிருக்கிறேன். சுற்றிச் சுற்றி அதே இடத்தில் தப்பு வரும்போது, "எனக்கு அறிவே இல்லையோ" என்று தோன்றிவிடும். அறிவில் குறையில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, "பத்தியில் எங்கே அப்படி இருக்கு, காட்டு" என்று கேட்டால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

ஆக இரண்டு வேறு வலிகள். ஒன்று நேரம் போதாமல் கேள்விகளைத் தொடாமலே விடுவது. இன்னொன்று தொட்டதைத் தப்பாகக் குறிப்பது. முதலாவதற்கு வேண்டியது தினசரி வாசிப்பு, அதை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். இரண்டாவதற்கு ஓர் ஆள் வேண்டும். எங்கே படிப்பது என்ற கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

வாசிப்பும் திருத்துகிற ஆளும் முதல் இரண்டு அளவுகோல்கள். மூன்றாவது பணம். கட்டணம் மட்டும் இல்லை, தங்குவது, பஸ், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து. நான்காவது, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது. கிளாட்டுக்குப் பிளஸ் டூவில் 45 சதவீதம் இருந்தால் போதும், எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 40. அதனால் "மார்க் எதுக்கு" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மாநிலச் சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைப்பதோ முழுக்க அந்த மதிப்பெண்ணால்தான். ஐந்தாவது, நம் ஊர் மழை. இப்போதெல்லாம் தேர்வு டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி வருகிறது. தீவிரமாகப் படிக்க வேண்டிய அக்டோபரும் நவம்பரும் நமக்கு மண்சரிவுக் காலம், கரண்ட் போகும் காலம்.

| வழி | மொத்தச் செலவு | தப்பைத் திருத்த ஆள் | மழைக்காலத்தில் | பிளஸ் டூ மதிப்பெண் |
|---|---|---|---|---|
| கோவையில் நேரடி வகுப்பு | மிக அதிகம் | உண்டு, கூட்டம் குறைவாக இருந்தால் | தங்கினால் கவலையில்லை, போய்வந்தால் சிரமம் | பள்ளியோடு சேர்த்தால் அடிவாங்கும் |
| வீட்டிலிருந்து ஆன்லைன் | நடுத்தரம் | பெயரளவுக்கு | கரண்டும் சிக்னலும் போகும் | சமாளிக்கலாம் |
| தானே படிப்பது | குறைவு | தேடிப் பிடிக்க வேண்டும் | பாதிப்பில்லை | சமாளிக்கலாம் |
| மதிப்பெண் வழி மட்டும் | மிகக் குறைவு | தேவையில்லை | பாதிப்பில்லை | இதுவே எல்லாம் |

## கோவைக்கு இறங்குவது

முதலில் வார இறுதியில் மட்டும் போய்வரலாமா என்பதைப் பார்த்துவிடலாம். குன்னூரிலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், ஊட்டி என்றால் மூன்றுக்கு மேல். கூடலூர், பந்தலூர் பிள்ளைகளுக்கு ஊட்டி ஏறி இறங்க வேண்டும், போகவே பாதி நாள். பிளஸ் டூவில் சனிக்கிழமையும் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் படிக்கவும் முடியாது, தலை சுற்றும். மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். குன்னூருக்குக் கீழே இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் இதை நான் சொல்லமாட்டேன்.

மிச்சம், ஒரு வருடம் விட்டுவிட்டுத் தங்கிப் படிப்பது. நான் செய்தது அதுதான். 2022 ஜூன் 19 கிளாட், மறுநாளே பிளஸ் டூ ரிசல்ட். 600க்கு 521 வந்திருந்தது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், நான் முந்தின நாள் தேர்வை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். ஜூலையில் கோவைக்கு இறங்கினேன். வகுப்புக்கு 60,000 ரூபாய், ஹாஸ்டலும் மெஸ்ஸும் மாதம் 7,500. ஐந்து மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம். சேரும்போது ஒரு பேட்சில் இருபது பேர் என்றார்கள். போய்ப் பார்த்தால் அறுபது பேர். பாதிப் பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று அப்பா இரண்டு முறை மலையிறங்கி வந்து கேட்டார், கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாள் கூலியும் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை. அதனால் சொல்கிறேன், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், தவணையாகக் கட்டக் கேளுங்கள், பாதியில் விலகினால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு தனிமை. அங்கே பெரும்பாலான பிள்ளைகள் நகரத்துப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், வீட்டிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்கள். முதல் மாதம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும். அந்த அறுபது பேரில் சேலத்திலிருந்து வந்த ஒரு அக்கா தினமும் இரவு என்னோடு மாதிரித் தேர்வுத் தாளைப் பிரித்துப் போட்டு உட்காருவார். "ஏன் பி போட்டே, சொல்லு" என்று கேட்பார். என் சட்டப் பகுதி மதிப்பெண் ஏறியது அந்த இரவுகளால்தான். கோவையில் காசு கொடுத்து நாம் வாங்குவது உண்மையில் இந்தப் பக்கத்துப் பாயைத்தான்.

ஆகவே இது யாருக்கு? ஒருமுறை தேர்வு எழுதி, எல்லாக் கேள்வியையும் தொட்டும் பாதி தப்பானவர்களுக்கு. வீட்டில் கடன் வாங்காமல் ஒரு லட்சத்தை எடுக்க முடிகிறவர்களுக்கு. பிளஸ் டூ நடக்கும்போதே பள்ளியைப் பேருக்கு வைத்துக்கொண்டு கோவையில் தங்குவது நம் பிள்ளைகளுக்கு வேண்டாம், மதிப்பெண் போய்விட்டால் கீழே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

## வீட்டிலிருந்து ஆன்லைன்

என் முதல் முயற்சி இது. 18,000 ரூபாய் கட்டினேன். அப்போது தேர்வில் 150 கேள்வி, 120 ஆனது 2024க்கான கிளாட்டிலிருந்துதான். வகுப்புகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வடக்கே இருந்து நடத்தும் வகுப்புகளில் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, ஒரு ஜோக் சொல்லும்போதோ கஷ்டமான இடத்தை விளக்கும்போதோ இந்திக்குப் போய்விடுவார். எல்லோரும் சிரிக்கும்போது நாம் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம். சேரும் முன் இலவச வகுப்பு நான்கைந்தை முழுதாகப் பாருங்கள். இந்தி வந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள், விளக்கம் வேண்டிய இடத்தில்தான் அது வரும்.

அடுத்தது ரெக்கார்டிங். கரண்ட் போனால், சிக்னல் விட்டால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளுவோம். ஒரு மழை வாரத்தில் பத்து மணி நேர வகுப்பு சேர்ந்துவிடும். அதைப் பார்த்து முடிப்பதே படிப்பு என்று ஆகி, பத்தி வாசிப்பது நின்றுபோகும். நான் தேர்வுக்குப் போனபோது பார்க்காத வகுப்புகள் நூறு மணி நேரத்துக்கு மேல் இருந்தன. அந்தப் பாரம் தேர்வு அறைக்குள்ளும் கூடவே வந்தது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கிளாட் தாளில் எழுதும் தேர்வு, விடைக்குரிய வட்டத்தை ஓஎம்ஆர் எனும் விடைத்தாளில் பேனாவால் நிரப்ப வேண்டும். வருடம் முழுக்கப் போனில் விரலால் தள்ளிப் படித்தவருக்கு அன்றைக்குப் புத்தகம் போல இருக்கும் வினாத்தாள் கனக்கும். வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வையாவது ஜெராக்ஸ் எடுத்து, ஞாயிறு மதியம் 2 முதல் 4 வரை மேசையில் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். உண்மைத் தேர்வும் அதே நேரத்தில்தான். ஜெராக்ஸ் செலவையும் கட்டணத்தோடு சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ படிக்கும்போதே எழுதுகிற பிள்ளை, வீட்டில் தடையில்லாத சிக்னல், தேதி தப்பாமல் வேலை செய்ய வைக்கும் ஒரு அட்டவணை தேவைப்படுகிறது என்றால் ஆன்லைன் சரி. மாதிரித் தேர்வுகள் மட்டும் விற்கும் தொகுப்பு தனியாகக் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும், விலையும் பல மடங்கு குறைவு.

## தானே படிப்பது

இதற்கு ஆகும் காசு குறைவு என்பதால் இதை மட்டமாக நினைக்க வேண்டாம். 120இல் 28 முதல் 32 கேள்வி நடப்புச் செய்தி, 22 முதல் 26 ஆங்கிலம், அதே அளவு தர்க்கம். கணிதம் 10 முதல் 14 மட்டும், அதுவும் பத்தாம் வகுப்புக் கணக்கு. இதில் பெரும்பங்கு தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பேப்பரின் தலையங்கப் பக்கத்தைப் படிப்பதால் வருகிறது. ஆறு மாதம் விடாமல் படித்தால் வேகம் தானாக ஏறும். நேரம் போதாமல் கேள்வி விடுகிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய மருந்து எந்தக் கோச்சிங்கிலும் இல்லை.

நீலகிரிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சொத்து இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. நாட்டின் வன வழக்குகளிலேயே மிகப் பெரியது என்று சட்டக் கல்லூரிகளில் நடத்துகிற கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு 1995இல் நம் கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துத் தொடங்கியது. 1996 டிசம்பர் 12 உத்தரவில், நிலம் யாருடையதாக இருந்தாலும் காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மசினகுடிப் பக்கத்து ரிசார்ட்டுகளைப் பாதித்த சீகூர் யானை வழித்தடத் தீர்ப்பு 2020 அக்டோபரில் வந்தது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்றானது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். மசினகுடியில் ரிசார்ட்டில் வேலை பார்த்தவரின் மகளுக்கு, ஊட்டியில் டாக்ஸி ஓட்டுபவரின் மகனுக்கு, இவை வீட்டில் பேசுகிற விஷயம். இவற்றைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி பயமுறுத்தாது. சொற்கள் ஒட்டிக்கொண்ட பிறகு தெரியாத பொருளுக்குப் போகலாம். நான் சொல்லித்தரும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

இந்த வழியின் பள்ளங்கள் இரண்டு. பழைய புத்தகம் ஒன்று. 2020இலிருந்துதான் எல்லாம் பத்தி வடிவம். அதற்கு முன் 200 கேள்விகள், பெரும்பாலும் சிறு கேள்விகள், சட்ட அறிவுக் கேள்விகளும் உண்டு. உக்கடம் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 2019க்கு முந்தைய கைடை வாங்கி வருடம் முழுக்க மனப்பாடம் செய்த தம்பி ஒருவனை எனக்குத் தெரியும். தேர்வு நடத்தும் கன்சார்டியத்தின் (தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) இணையதளத்திலேயே அண்மை ஆண்டுத் தாள்கள் இருக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது பள்ளம், திருத்த ஆள் இல்லாதது. விடைக்குறிப்பைப் பார்த்துத் தப்பென்று தெரிந்துகொண்டால் போதாது, ஏன் தப்பு என்று தெரிய வேண்டும். பள்ளி ஆங்கில ஆசிரியர், அந்த ஊரில் பிராக்டிஸ் செய்யும் ஜூனியர் வக்கீல், முன்பு எழுதிய அக்கா அண்ணன் யாராவது ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். தயக்கமில்லாமல் போய்க் கேளுங்கள். குன்னூரில் நான் கேட்ட ஒரு வக்கீல் சார் கோர்ட் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தே விளக்கினார். தப்புகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, வாரக் கடைசியில் அதோடு போக வேண்டும், வெறுங்கையோடு போனால் அவர்கள் நேரமும் வீண்.

## கிளாட்டை விட்டு, மதிப்பெண் வழி

தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கோவை, மதுரை, திருச்சி, சேலம், நாமக்கல், தேனி என்று கல்லூரிகள் பரவி இருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 சட்டத்தால் சட்டப் படிப்புக்கும் வந்துவிட்டது. நம் மலையில் பலருக்கு இது தெரியவில்லை.

பண விஷயத்தில் ஒப்பிடவே முடியாது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். கிளாட் விண்ணப்பமே 4,000 ரூபாய், எஸ்சி எஸ்டி, வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் 3,500. கலந்தாய்வுக்குப் பதிவுசெய்யத் தனியாகப் பல ஆயிரம். அரசு சட்டக் கல்லூரியின் கட்டணம் இதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எங்கே படித்தாலும் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வு எழுதி, அதே கறுப்பு கோட்டைத்தான் போடப் போகிறோம்.

இழப்பு இல்லையா? இருக்கிறது. பெரிய சட்ட நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்க வருவது அந்தப் பல்கலைக்கழகங்களுக்குத்தான். மூட் கோர்ட் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்), இன்டர்ன்ஷிப் எல்லாம் அங்கே கல்லூரியே வழிகாட்டும், இங்கே நாமே அலைய வேண்டும். கார்ப்பரேட் வேலை, வெளிநாட்டு மேற்படிப்பு என்று மனசில் இருந்தால் கிளாட்டை முயன்றே பார்க்க வேண்டும். திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் கிளாட் ரேங்க்தான். ஊட்டி கோர்ட்டிலோ கூடலூர் கோர்ட்டிலோ நின்று நம் மக்களுக்கு நிலப் பட்டா வழக்கு நடத்த வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைக்கு, மதிப்பெண் வழியே நேர் வழி. அதை யாரும் தோல்வி என்று சொல்ல நான் விடமாட்டேன்.

## அந்த அம்மாவுக்குச் சொன்னது

மகளை மாதிரித் தேர்வு ஒன்றை நேரம் வைத்து எழுதச் சொன்னேன். 120இல் 47 கேள்வியைத் தொடவே இல்லை, தொட்டதில் முக்கால்வாசி சரி. அப்படியானால் கோவைக்குத் தேவையே இல்லை, அவளுக்கு வேண்டியது வாசிப்பு. வீட்டிலேயே இருக்கட்டும், பேப்பர் போடச் சொல்லுங்கள், மாதிரித் தேர்வுத் தொகுப்பு மட்டும் வாங்குங்கள், தப்பு நோட்டை எனக்கு அனுப்பட்டும் என்றேன். டிசம்பரில் கிளாட், மார்ச்சில் பிளஸ் டூ. தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து முழுக்கப் பாடப்புத்தகம்.

ஒன்று பாக்கி. தேர்வு ஞாயிறு மதியம் 2 மணி என்பதால் காலை பஸ்ஸில் இறங்கிவிடலாம் என்று தோன்றும். டிசம்பரில் அந்த ரோட்டை நம்ப வேண்டாம். சனிக்கிழமை மதியமே இறங்கி, சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். ஹால்டிக்கெட் இரண்டு பிரதி, அடையாள அட்டை, பால்பாயிண்ட் பேனா இரண்டு. கோவையில் மதியம் வெயிலாக இருக்கும், ஸ்வெட்டரை ரூமிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.